அளவுச் சட்டையும் துவக்குப் பிடங்கும்

எங்கள் சனத்துக்குப் பரிசு வாங்குவதில் எழுதாத விதி ஒன்று உண்டு. யாருக்கு வாங்குகிறோமோ அவரிடம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் "ஐயோ, எனக்கென்னத்துக்கு, வேண்டாம்" என்பார். அதை நம்பி வாங்காமல் விட்டால் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார். ஆகவே அவரை விட்டுவிட்டு, அவருடைய தங்கை, தங்கையின் புருஷன், வேலைத்தலத்துச் சிநேகிதி என்று எல்லோரிடமும் விசாரித்து, அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒன்றை வாங்கிக்கொண்டு போவோம். அவரும் "நல்லாயிருக்கு" என்று சொல்லி அலுமாரிக்குள் வைப்பார். லண்டனில் மனோர் பார்க்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் அலுமாரிகள் இப்படித்தான் நிரம்புகின்றன.

இந்த விதியைச் சேலைக்குப் பயன்படுத்தலாம். கைமணிக்கூட்டுக்குப் பயன்படுத்தலாம். துவக்குக்குப் பயன்படுத்தியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

துவக்கு என் மனைவி தேவகியுடையது. (துப்பாக்கிதான். அவசரப்பட வேண்டாம். முறைப்படி அனுமதி உள்ளது.) அவள் மருந்தாளர். கூட வேலை செய்த ஆங்கிலப் பெண் ஒருத்தி ஒருநாள் அவளை வால்தம்ஸ்டோவுக்கு அப்பால் உள்ள இலக்குச் சுடும் கழகம் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். நான் அதை யோகா வகுப்பைப் போல நினைத்தேன். ஒரு மாதத்தில் அலுத்துவிடும். அலுக்கவில்லை. சொந்தத் துவக்குக்கு விண்ணப்பித்தாள். பொலிஸ் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, வீட்டில் சண்டை சச்சரவு உண்டா என்று என்னிடமும் கேட்டார். "இல்லை" என்றேன். தேவகியை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். பிறகு மாடியில் ஓர் இரும்புப் பெட்டகம் சுவரோடு பூட்டப்பட்டது. சட்டப்படி அதன் திறப்பு அவளிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான் திறந்து எதையும் தொலைக்காத ஒரே இடம் அதுதான்.

துவக்கு எப்படிப்பட்டது என்றும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் பூட்டைக் கையால் பின்னிழுத்து முன்தள்ள வேண்டிய ரகம். மர உடம்புக்குப் பதிலாக, குழலையும் பூட்டையும் ஓர் அலுமினியச் சட்டகத்தில் இறுக்கியிருந்தாள். லொறிக்குச் சொல்வதுபோல அதற்கும் சசி என்றுதான் பெயர். சசியின் பின்பக்கத்தில், தோளில் முட்டுக்கொடுக்கிற பாகம் பிடங்கு. (எங்கள் தலைமுறைக்கு இந்தச் சொல் காதால் அறிமுகமானதல்ல. இலங்கையில், இராணுவச் சோதனைச் சாவடியில், முதுகால்.) தேவகி சசியைப் பழையதாக வாங்கினாள். முந்தைய சொந்தக்காரர் ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். பிடங்கு அவர் அளவுக்குச் செய்தது. நீட்டவோ குறைக்கவோ முடியாது.

சனிக்கிழமைகளில் கழகத்திலிருந்து வந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு சோபாவில் இருப்பாள்.

"பிடங்கு நீளம். கன்னம் வைக்கிற இடம் பதிவு, உயரம் காணாது. கழுத்தை ஆமை மாதிரி நீட்டிக்கொண்டு கிடக்க வேண்டியிருக்கு" என்பாள்.

"ஓமோம்" என்பேன், செய்தியில் கண்ணை வைத்துக்கொண்டு.

கழகத்துக்கு ஓர் அணி உண்டு. தேவகி அதில் பல வருடங்களாக மேலதிக ஆள். மேலதிக ஆள் என்றால், மற்றவர்கள் சுடும்போது அவர்களுடைய கோட்டுகளுக்குக் காவல் இருப்பவர். அந்த வருடம் அணியில் ஓர் இடம் காலியானது. அதற்குத் தெரிவுப் போட்டி வைத்தார்கள். மற்றவர்களெல்லாம் பின்தங்கி, கடைசியில் அவளும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் எஞ்சினார்கள். அவள் அதைப் பற்றி வீட்டில் பேசவில்லை. ஆனால் குசினியில் கறி கொதிக்கும்போது ஒரு கையை மேசையில் ஊன்றி மூச்சை அடக்கிப் பழகுவதைக் கண்டிருக்கிறேன். கறி இரண்டுதரம் அடிப்பிடித்தது. எங்கள் வீட்டில் அதற்குமுன் கறி அடிப்பிடித்ததில்லை.

தெரிவுப் போட்டிக்கு அடுத்த வாரம் அவளுடைய பிறந்தநாள். நீளத்தையும் கன்ன உயரத்தையும் மாற்றக்கூடிய பிடங்கு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தால், அணிப் போட்டியை அவள் கழுத்து வலியில்லாமல் சுடுவாள். திட்டம் இவ்வளவுதான். அவளிடம் கேட்கக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

நான் முன்பு கொழும்பில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவன். பத்திரிகைக்காரன் எந்த விஷயத்தையும் ஒரு கிழமையில் கற்றுக்கொள்வான். மறு கிழமை மறந்துவிடுவான். இணையத்தில் பிடங்குகளைப் பற்றி ஒரு கிழமை வாசித்தேன். கன்னத் தாங்கி, தோள்தட்டு, திருகுச் சில்லு என்று எனக்கு அபிப்பிராயங்கள் முளைத்தன. பிறகு என் சகலன் குகனைத் துணைக்குக் கூப்பிட்டேன். தேவகியின் தங்கையை மணம் முடித்தவர். சமையலறைகள் பொருத்துவது அவர் தொழில்.

"அளவு வேணுமே, அண்ணை" என்றார் குகன். "அளவில்லாமல் என்னெண்டு வாங்கிறது?"

"அளவு கிடக்கு" என்றேன்.

ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் சேலைச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது பெண்கள் போய் நிற்பதில்லை. பொருத்தமான பழைய சட்டை ஒன்றை அனுப்பிவிடுவார்கள். தையல்காரி அதை வைத்து வெட்டுவாள். தேவகியின் அளவுச் சட்டை மெரூன் பட்டு, பொன் கரை. தோளகலம், கை நீளம் எல்லாம் அதில் இருக்கின்றன. பிடங்கும் தோளில் வைப்பது, கையால் பிடிப்பது. சட்டையை எடுத்து ஒரு கடைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாக அன்றைக்கு எனக்குப் படவில்லை. குகனுக்கும் படவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

துவக்குக் கடை எசெக்ஸ் எல்லையில் இருந்தது. உள்ளே எண்ணெயும் தோலும் மணத்தன. கடைக்காரர் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்ட நிதானமான மனிதர். நான் சசிக்கு மாற்றியமைக்கக்கூடிய பிடங்கு தேவை என்று தெளிவாகச் சொன்னேன். அவருக்கு என்மேல் மரியாதை உண்டானது. அது எவ்வளவு நேரம் நீடித்தது என்றால், நான் பைக்குள் கைவிடும்வரை.

மெரூன் சட்டையை மேசையில் விரித்தேன். இரண்டு கைகளையும் நேராக்கி, கரையை நீவிவிட்டேன்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது யாருடையது, சேர்?"

"என் மனைவியுடையது."

"நீங்கள் இதைக் கொண்டுவந்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவே கூடாது."

தொப்பிகள் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தொப்பியைத் திரும்பக் கொளுவினார். ஒரு துவக்குக் கடையில் நின்றுகொண்டு, மனைவிக்குத் தெரியாமல் அவளுடைய உடுப்பைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஓர் ஆண் சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வீட்டில் எல்லாம் நல்லபடி இருக்கிறதா, சேர்?" என்று கேட்டார், மிக மென்மையாக. பொலிஸ் அதிகாரி கேட்ட அதே கேள்வி. இந்தமுறை பார்த்துக்கொள்ள தேவகி பக்கத்தில் இல்லை.

குகன் நிலைமையைக் காப்பாற்ற முன்வந்தார். "அவர் நல்ல மனிதர்" என்றார் ஆங்கிலத்தில். "பத்திரிகைக்காரர்."

கடைக்காரர் சட்டையை மடித்து என் பக்கம் தள்ளினார்.

முழுக் கதையையும் சொன்னேன். பரிசு, பிறந்தநாள், கழுத்து வலி, தையல்காரி. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் கையை மடக்கிக் காட்டினார். முழங்கையின் உள்மடிப்பிலிருந்து சுடுவிரல் நுனிவரை உள்ள தூரத்தை வைத்துத்தான் பிடங்கின் நீளத்தை மட்டுக்கட்டுவார்களாம். சட்டையின் கையைத் தொட்டார். அது முழங்கைக்கு மேலேயே முடிந்திருந்தது. எனக்குத் தேவையான அளவு தொடங்குகிற இடத்துக்கு முன்னாலேயே என் அளவுச் சட்டை முடிந்துவிட்டது.

"அதோடு சேர், இது மாற்றியமைக்கிற பிடங்கு. அவர் தன் அளவுக்குத் தானே திருகிக்கொள்வார். மனைவியை நீங்கள் அளக்கத் தேவையில்லை. எனக்குத் தெரிய வேண்டியது துவக்கு. எந்தச் சசி? பின்பக்கம் எப்படிப் பொருந்துகிறது? எந்தத் தோளில் வைத்துச் சுடுகிறார்?"

எந்தச் சசி என்று எனக்குத் தெரியாது. பின்பக்கத்தை நான் பார்த்ததில்லை. தோள்?

"வலது" என்றேன்.

"நிச்சயமாகவா?"

நான் குகனைப் பார்த்தேன். "அக்கா பொட்டு வைக்கிறது வலக்கையாலதானே" என்றார் குகன், தமிழில்.

"அவரிடமே கேளுங்களேன்" என்றார் கடைக்காரர்.

"கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள்."

"அப்படியென்றால் அவருக்கு வேண்டாமாக இருக்கலாம்" என்றார். பாவம், இந்த நாட்டு மனிதர். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இனித் துவக்கை நேரில் பார்த்து அளவெடுக்க வேண்டும். பெட்டகத் திறப்பு கிடைக்காது. வருகிற சனிக்கிழமை தெரிவுப் போட்டியின் கடைசிச் சுற்று. குடும்பத்தார் பார்க்க வரலாம். நானும் குகனும் வருகிறோம் என்று சொன்னபோது தேவகி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்களோ? சுடுறதைப் பாக்கவோ?"

"ஏன், வரக்கூடாதோ?"

"இவ்வளவு காலமும் வரேல்லை, அதுதான் கேட்டனான்."

அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம். அதை நான் ஒழுங்காகப் பார்த்தேன். பார்த்தும் அதன் அர்த்தத்தை எழுதிக்கொள்ளவில்லை.

கழகத்தில் என்னை ஒவ்வொருவருக்கும் அறிமுகப்படுத்தினாள். "என் கணவர்." எல்லோரும் கைகொடுத்தார்கள். நான் உண்மையிலேயே இருக்கிறேன் என்பதில் சிலருக்கு வியப்பு. சுடுகூடம் நீளமான, குளிரான மண்டபம். சுடுபவர்கள் பாய்களில் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். அவர்களுடைய கால்களுக்குப் பின்னால் தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்குப் பின்னால் பார்வையாளர்கள். சுடுகூடத்துக்குப் பொறுப்பானவர் நரைத்த தலையும் என் தோளளவு உயரமும் கொண்ட ஒரு பெண்மணி. விருந்தாளிகள் எவரும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்றார். காதுமூடிகளைத் தந்தார்.

தேவகி தன் பாயில் படுத்தாள். துவக்கைத் தோளில் வைத்தாள்.

இடது தோளில்.

இடக்கண்ணால் குறிபார்த்தாள். இடக்கை விரல் விசையில் இருந்தது. மணம் முடித்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, ஒரே மேசையில் சாப்பிட்டு வந்த மனைவி எந்தத் தோளில் துவக்கு வைக்கிறாள் என்பதை ஒரு கடைக்காரருக்குப் பிழையாகச் சொல்லியிருக்கிறேன். செய்தி மேசையில் இப்படி ஒரு பிழை விட்டால் மறுநாள் திருத்தம் போட வேண்டும்.

வெட்கத்தில் மனிதன் சும்மா இருந்தால் பிழையில்லை. நான் வேலையில் இறங்கினேன். பிடங்கின் நீளம் என்ன? பின்பக்கம் எப்படிப் பொருந்தியிருக்கிறது? நான் நின்ற இடத்திலிருந்து அவளுடைய சப்பாத்துகள்தான் தெரிந்தன. குகன் ஒரு பக்கக் காதுமூடியை உயர்த்தி என் பக்கம் சாய்ந்தார். இடுப்புப் பட்டியில் அவருடைய இரும்பு அளவு நாடா இருந்தது. சுருளிலிருந்து இழுத்தால் தடிபோல நேராக நிற்கிற ரகம்.

"அண்ணை, விருந்தாளி தாண்டக் கூடாது எண்டுதானே அவ சொன்னவ" என்றார் காதுக்குள். "டேப் தாண்டக் கூடாது எண்டு சொல்லேல்லை."

படித்த ஒருவன் இதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கக் கூடாது. நான் தலையாட்டினேன்.

மஞ்சள் கோட்டுக்கு இப்பால், ஓர் அங்குலம்கூட மீறாமல், குப்புறப் படுத்தேன். குகனிடம் வாங்கிய நாடாவை மெல்ல மெல்ல வெளியே விட்டேன். அது தேவகியின் சப்பாத்துகளுக்கு மேலாகப் போனது. முழங்கால், இடுப்பு, முதுகு. அடுத்த பாயில் ஆசிரியரும், மற்றப் பாய்களில் பயிற்சிக்கு வந்த உறுப்பினர்களும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் மறுகோடியில் எவருக்கோ உதவிக்கொண்டு நின்றார். நாடாவின் நுனி பிடங்கை நெருங்கியது. இன்னும் ஒரு சாண். எண்களை வாசிக்கக் கண்ணைச் சுருக்கினேன்.

இரும்பு நாடா ஒரு நீளத்துக்கு மேல் தன் பாரத்தைத் தானே தாங்காது. குகனுக்கு அது தொழில்முறையில் தெரிந்த விஷயம். சொல்ல மறந்துவிட்டார்.

நாடா நடுவில் மடிந்தது. அதன் குளிர்ந்த நுனி, மூச்சை அடக்கி விசையை அழுத்திக்கொண்டிருந்த என் மனைவியின் பின்கழுத்தில் விழுந்தது.

வெடித்தது.

"ஸ்டொப்! ஸ்டொப்! ஸ்டொப்!"

அவ்வளவு சிறிய உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல். மண்டபம் முழுவதும் ஒரே கணத்தில் துவக்குகளின் பூட்டுகள் திறந்தன. எல்லோரும் துவக்கிலிருந்து கையை எடுத்து உயர்த்தினார்கள். அதிர்ச்சியில் நான் நாடாவின் பொத்தானை அழுத்திவிட்டேன் போலும். அது தேவகியின் முதுகு நீளத்துக்கும் சரசரவென்று ஓடிவந்து என் கைக்குள் புகுந்து சடாரென்று நின்றது.

பொறுப்பாளர் எனக்கு மேலே வந்து நின்றார். நான் இன்னும் படுத்திருந்தேன்.

"என்ன செய்கிறீர்கள், சேர்?"

"அளக்கிறேன்."

"எதை?"

"என் மனைவியை" என்றேன். துவக்கை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் எழுந்து உட்கார்ந்திருந்த தேவகியின் கண்களைப் பார்த்துவிட்டேன்.

அப்போது, அறிமுகங்கள் முடிந்தபின் வந்து மூன்றாம் பாயில் படுத்திருந்த ஒருவர் காதுமூடியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். கழுத்தில் கண்ணாடி தொங்கியது. அவரும் அந்தக் கழகத்து ஆள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"ஓ" என்றார் கடைக்காரர். "சட்டை கொண்டுவந்தவர்!"

"என்ன சட்டை?" என்றாள் தேவகி, ஆங்கிலத்தில். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில்: "மெரூன் சட்டையோ? அதை நான் எங்கயெல்லாம் தேடினனான்!"

கடைக்காரர் நல்ல எண்ணத்தோடு எல்லாவற்றையும் விளக்கினார். பிடங்கு, பிறந்தநாள், தையல்காரி, முழங்கை. சுற்றி நின்றவர்கள் சிரிக்காமலிருக்கப் பெருமுயற்சி எடுத்தார்கள். ஆங்கிலேயர் சிரிப்பை அடக்கும்போது கண்ணீர் வரும் என்பதை அன்றைக்குக் கவனித்தேன்.

பிறகு இலக்கு அட்டைகளைக் கொண்டுவந்தார்கள். தேவகியின் அட்டையில் துளைகள் எல்லாம் நடுவில் நெருக்கமாக இருந்தன. ஒன்றைத் தவிர. அது ஓரத்து வெள்ளையில் தனியாகக் கிடந்தது.

அடக்கிய சிரிப்பும் நின்றது.

பொறுப்பாளர் சொன்னார்: "இது இடையூறு. இந்த வெடியைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. மீண்டும் சுடலாம்." ஆசிரியரும் உடனே, "நிச்சயமாக. அவர் மீண்டும் சுட வேண்டும்" என்றார்.

தேவகி அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்லை" என்றாள். "அவர் என் விருந்தாளி. இங்கே விருந்தாளிக்கு உறுப்பினர்தான் பொறுப்பு. வெடி இருக்கட்டும்."

கூட்டிப் பார்த்தார்கள். ஆசிரியருக்கு ஒரு புள்ளி கூடுதல்.

தேவகி அவருக்குக் கைகொடுத்தாள். துவக்கைத் துடைத்து, உறையில் வைத்து, என்னிடம் தராமல் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

குகன் பஸ்ஸில் போவதாகச் சொல்லி நழுவிவிட்டார். காரில் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் மன்னிப்புக் கேட்கப் பல வசனங்களை யோசித்தேன். ஒவ்வொன்றையும் நானே வெட்டினேன். கடைசியில் வாயில் வந்தது வேறு.

"நீர் இடக்கைக்காரி எண்டு எனக்குத் தெரியாது."

"நான் இடக்கைக்காரி இல்லை" என்றாள் ரோட்டைப் பார்த்தபடி. "எனக்கு வலக்கண் மங்கல். சின்னனிலயிருந்து."

"சின்னனிலயிருந்தோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"கலியாணம் பேசேக்கை சொல்ல வேண்டாம் எண்டு அம்மா சொன்னவ. குழம்பிப் போடும் எண்டு."

"அது சரி. பிறகு?"

"பிறகு நீங்கள் கேக்கேல்லை."

கேள்வி கேட்டே வயிறு வளர்த்தவன் நான். அமைச்சர்களிடம் கேட்டிருக்கிறேன், இராணுவப் பேச்சாளர்களிடம் கேட்டிருக்கிறேன். போன வாரம் இதே மனுஷியின் தோளைப் பற்றி அவளுடைய தங்கை புருஷனிடம் கேட்டிருக்கிறேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டேன்: "உமக்கு எந்தப் பிடங்கு வேணும்?"

வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தக் கேள்விக்காக ஆயத்தமாக இருந்தவள்போலச் சொல்லத் தொடங்கினாள். சில்லுகள் நிறைந்த பெரியது வேண்டாம். பாரம், குழல் மேலே தூக்கும். கன்னத் தாங்கியைக் கன்னத்தை எடுக்காமலே உயர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். திருகிகள் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் இருந்தால் அவள் முகத்தில் முட்டும். தோள்தட்டு கீழே இறங்க வேண்டும். நீளத்தைக் குளிர்காலத் தடித்த கோட்டுக்கு ஒருமாதிரி, கோடையில் ஒருமாதிரி மாற்ற வேண்டும். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் இணையத்தில் பார்த்து, இதுதான் சிறந்தது என்று முடிவுகட்டி வைத்திருந்தது பெரியது. திருகிகள் எல்லாம் வலப்பக்கம்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனோம். அவள் தரைவிரிப்பில் படுத்து, மூன்றைத் தோளில் வைத்துப் பார்த்து, ஒன்றை எடுத்தாள். கடைக்காரர் என்னை ஒரு கதிரையில் இருத்தினார். இரண்டு கைகளும் தெரியும்படி இருந்தேன்.

மறுவருடம் அவள் அணிக்குத் தெரிவானாள். அந்த வருடம் அணி முதற்சுற்றிலேயே தோற்றது. அவள் தவறவிட்ட வருடத்தில்தான் கோப்பை கிடைத்தது. கழகச் சுவரில் படம் தொங்குகிறது. கோப்பையின் வலப்பக்கத்தில் ஆசிரியர் நிற்கிறார். நல்ல மனிதர், படத்திலும் கொஞ்சம் கூச்சமாகத்தான் நிற்கிறார்.

குகன் இந்தக் கதையைக் குடும்பச் சொத்தாக்கிவிட்டார். கலியாண மண்டபத்தில் நான் சாப்பாட்டு வரிசைக்குக் கிட்டப் போனால் போதும், எங்கோ ஒரு மூலையிலிருந்து "ஸ்டொப்! ஸ்டொப்! ஸ்டொப்!" என்று குரல் வரும். உடனே மச்சான்மார், மருமக்கள், பெறாமக்கள் எல்லோரும் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்துவார்கள். விஷயம் தெரியாத மாப்பிள்ளை வீட்டார் திகைத்து அவர்களும் உயர்த்துவார்கள். என் சொந்த மகள் ஒருதரம் குருக்கள் முன்னாலேயே உயர்த்தினாள்.

புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால் தேவகியும் சொல்வாள். நன்றாகச் சொல்வாள். மெரூன் சட்டையை நான் நீவிவிட்டதை, பார்க்காமலே, அப்படியே செய்து காட்டுவாள். கடைக்காரரின் குரலில் "வீட்டில் எல்லாம் நல்லபடியா, சேர்?" என்பாள். நாடா கழுத்தில் விழுந்த இடம் வந்ததும் தோளைக் குலுக்கிச் சிலிர்த்துக் காட்டிவிட்டு, அத்தோடு முடித்துவிடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

சிலவேளை யாராவது, சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிறகென்ன நடந்தது அக்கா? அண்டைக்கு ஆர் தெரிவானது?" என்று கேட்பார்கள்.

"அது வேற கதை" என்பாள் தேவகி. "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

நான் எழுந்து, யாரும் குடித்து முடிக்காத கோப்பைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு, குசினிக்குள் போய்விடுவேன்.